வெளிநாட்டில் மோட்டார்ஹோம் அணிப் பயணம்: முகவரிடம் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நியூசிலாந்தின் தென்தீவில் வழிகாட்டி ஒருவரின் வண்டிக்குப் பின்னால் எங்கள் குடும்பமும் என் கொழுந்தனார் குடும்பமும் குடும்பத்துக்கு ஒன்றாக, உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டுவண்டியான மோட்டார்ஹோமில் 12 நாள் சுற்றிவிட்டுப் பினாங்கு திரும்பினோம். பயணம் மனநிறைவாக அமைந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இதே பயணத்திற்காக வேறொரு முகவரிடம் முன்பணம் கட்டி, ஐந்து பேருக்கு விமான டிக்கெட்டும் வாங்கிவிட்டு, கடைசியில் வீட்டிலேயே இருந்துவிட்டோம். அந்த ஓராண்டில் நாங்கள் பட்ட அலைச்சலை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் நேரில் பார்த்த நியூசிலாந்தை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். கேள்விகள் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

1. சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

விளம்பரத்தில் "கேரவன் டூர்" என்று இருந்தால் அது எந்த நாட்டு ஆங்கிலம் என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் பல வீட்டுவண்டிகள் அணியாகச் செல்வதற்குத்தான் அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கேரவன் என்றால் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வண்டி. இழுவண்டியைப் பின்னோக்கி நகர்த்துவது தனிப் பழக்கம். நம் ஊரில் அதைப் பழக வாய்ப்பே இல்லை. உங்களுக்கு வேண்டியது ஓட்டுநர் இருக்கையும் படுக்கையும் சமையலிடமும் ஒரே வண்டியில் உள்ள மோட்டார்ஹோம், அல்லது அதில் சிறிய வகையான கேம்பர்வேன். ஆஸ்திரேலியாவில் "டேக் அலாங்" என்று விற்கப்படும் பயணங்களில் முன்வண்டியைப் பின்தொடர்ந்து நீங்களே ஓட்ட வேண்டும், பெரும்பாலும் நான்கு சக்கர விசை கொண்ட வண்டியில், மண் சாலைகளில். முதல் பயணத்திற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2. நாட்டையும் மாதத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் வலப்பக்கம், அத்துடன் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 185 அமெரிக்க டாலர் கட்டி, நேர்காணலுக்குச் சென்று விசா பெற வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக ஏழு மீட்டர் நீள வண்டியை ஓட்டப் போகிறவர் அதே நாளில் சாலையின் பக்கத்தையும் மாற்றிப் பழக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவுக்கு விசா எளிது. செயலியிலேயே 20 ஆஸ்திரேலிய டாலர் சேவைக் கட்டணத்தில் முடிந்துவிடும். ஆனால் அங்கே தொலைவு வேறு அளவு: டார்வினிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துச் செல்பவர்களுக்குத் தென்தீவே தோது.

மாதத்தைப் பொறுத்தவரை, நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் நியூசிலாந்தின் கோடைகாலமும் ஒன்றாக வருகின்றன. அந்த வேளையில் வாடகையும் தங்குமிடக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும், ஆனால் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருப்பதால் வண்டியை நிதானமாக ஓட்டலாம். பிள்ளைகளின் பள்ளி குறுக்கே நிற்கவில்லை என்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் நவம்பர் வரை தென்தீவின் தென்மேற்கில் உள்ள மில்ஃபோர்ட் சவுண்ட் கடற்கழிக்குச் செல்லும் சாலையில், டயரில் மாட்டும் பனிச்சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பனியைப் பார்த்தே இராத நமக்குக் குளிர்காலத்தில் அந்தச் சாலை வேண்டாம்.

3. முகவரின் உரிமத்தைச் சரிபாருங்கள்

மலேசியாவில் வெளிநாட்டுச் சுற்றுலா விற்கும் நிறுவனம் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமத்தில் உள்நாட்டுக்கு வருவோரை வரவேற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது, டிக்கெட் விற்பது எனப் பிரிவுகள் உள்ளன. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது பிரிவு. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அமைச்சின் இணையப் பட்டியலில் பெயரும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா, காலாவதியாகவில்லையா என்று நீங்களே பாருங்கள். பத்து நிமிட வேலைதான். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஆள் சேர்த்து, "செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்று அழைத்துச் செல்பவர்களில் பலருக்கு இந்த உரிமம் கிடையாது. அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருக்கலாம். ஆனால் ஏதாவது நடந்துவிட்டால் பிடித்துக்கொள்ள உங்களுக்கு ஒன்றும் இருக்காது.

பணத்தைத் தனி மனிதரின் வங்கிக் கணக்கில் போடாதீர்கள். உரிமத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தால் கிரெடிட் கார்டில் மட்டும் செலுத்துங்கள், ஏனெனில் சேவை கிடைக்காவிட்டால் வங்கியின் வழியாகத் தொகையைத் திரும்பக் கேட்க அதில் ஒரு வழி இருக்கிறது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடக்கும் பயணக் கண்காட்சிகளில் "இன்றைக்கு மட்டும்" என்ற தள்ளுபடி இருக்கும். அங்கே போய் விலைப்பட்டியல் வாங்குங்கள், ஆள்களிடம் பேசுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க விடாத இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. "வழிகாட்டி" என்ன செய்வார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பொருள் சொல்கிறது. நான் விசாரித்த ஆறு இடங்களில், ஒருவரின் வழிகாட்டி தனி வண்டியில் முன்னால் போவார். இன்னொருவரின் வழிகாட்டி ஏதாவது ஒரு குடும்பத்தின் வண்டியில் தொற்றிக்கொண்டு வருவார். ஓர் இடத்தில் அவர் கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில்தான் மீண்டும் வருவார். இன்னோரிடத்தில் வழிகாட்டி என்பது பயணத் திட்டம் அடங்கிய கோப்பும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் மட்டுமே. நான்குக்கும் விளம்பரத்தில் ஒரே சொல்தான் இருந்தது.

எனவே பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

முன்வண்டியில் யார் இருப்பார், அந்தச் சாலைகளில் அவர் எத்தனை முறை அணியை நடத்தியிருக்கிறார்? கடைசி வண்டியில் யாராவது இருக்கிறார்களா? அமெரிக்காவின் பெரிய அணிப் பயணங்களில் வழிநடத்துபவர் ஒருவரும், பின்னால் வந்து பழுதுபார்ப்பவர் ஒருவரும் தனித்தனியாக உண்டு. சிறிய அணிகளில் அந்தப் பின்வண்டி ஆள் இல்லாமல் இருப்பதுதான் வழக்கம். அப்படியென்றால் ஒரு வண்டிக்கு டயர் போனால் மற்ற வண்டிகள் நிற்குமா, போய்க்கொண்டே இருக்குமா, வழிகாட்டி யாருடன் இருப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இது சின்ன விஷயமில்லை. மேற்குக் கரையில் ஹாஸ்ட் பகுதியிலும் மில்ஃபோர்ட் சாலையிலும் நெடுந்தூரத்துக்குக் கைத்தொலைபேசித் தொடர்பு கிடைக்காது. வாட்ஸ்அப் வழிகாட்டி அங்கே உங்களுக்கு உதவ மாட்டார். வண்டிக்கு வண்டி பேசும் கருவி தருவார்களா என்று கேளுங்கள்.

வழிகாட்டியிடமே ஒருமுறை பேச வேண்டும் என்று வற்புறுத்துங்கள். நாங்கள் இரண்டாம் முறை தேர்ந்தெடுத்த நிறுவனம் வழிகாட்டியைக் காணொளி அழைப்பில் பேச வைத்தது. "நம் ஐந்து வண்டிகளுக்குப் பின்னால் உள்ளூர்க் கார்கள் சேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று என் கணவர் கேட்டார். எந்தெந்த இடங்களில் ஒதுங்கி வழிவிடலாம், அணியை ஏன் ஒட்டி ஒட்டி நடத்தக்கூடாது, ஒருவழிப் பாலத்தில் சிவப்புச் சிறு அம்பு நம் பக்கம் இருந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும் என்பதை எப்படி முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார் என்று அவர் விளக்கிய விதத்திலேயே எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முதல் முகவரிடம் இதே கேள்விக்கு, "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை, அண்ணே" என்பதுதான் பதிலாக இருந்தது.

பயணத் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர். அங்கிருந்து குவீன்ஸ்டவுனுக்கு ஏறத்தாழ 255. இவை நியாயமான நாள்கள். நாம் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம் என்பதால், அதே அளவைத் தென்தீவுத் திட்டத்தில் பார்த்தால் உறுத்தாது. அங்கே நிறுத்தங்களோடு சேர்த்து அதற்குப் பகலின் பெரும்பகுதி போய்விடும். 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். வளைவுகளில் அதில் பாதி. குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் போய் அன்றே திரும்புவது ஏறத்தாழ 580 கிலோமீட்டர். அப்படி எழுதியிருந்த திட்டத்தை நாங்கள் உடனே ஒதுக்கினோம். டே அனாவில் ஓரிரவு தங்கி, அங்கிருந்து 120 கிலோமீட்டரை நிதானமாகப் போவதே சரி.

5. ரத்து விதியைப் படித்த பிறகே விமான டிக்கெட்

எங்களுக்கு இழப்பு நேர்ந்தது இங்கேதான். முதல் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், "குறைந்தது 6 வண்டிகள் சேர்ந்தால் மட்டுமே பயணம் நடைபெறும்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை. மலிவு விலை கண்ணில் பட்டவுடன் டிக்கெட்டை வாங்கிவிட்டோம். புறப்பட ஏழு வாரம் இருக்கையில் முகவர் அழைத்து, நான்கு வண்டிகள்தான் சேர்ந்திருக்கின்றன, திட்டத்தைத் தருகிறோம், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள், வழிகாட்டி தொலைபேசியில் இருப்பார் என்றார். என் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அப்படிப் போக எங்களுக்குத் துணிவு வரவில்லை. மறுத்தோம். நாங்களாகப் பின்வாங்கியதாகச் சொல்லி முன்பணத்தைத் தர மறுத்தார்கள். டிக்கெட்டில் விமான நிலைய வரி மட்டும் திரும்பக் கிடைத்தது.

முன்பணத்துக்காக மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தோம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கிறது, மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தோம். விசாரணை நாளுக்கு முன்பே முகவர் பணத்தைத் திருப்பிவிட்டார். "வழிகாட்டியுடன்" என்று எழுதப்பட்ட விளம்பரத் தாளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது என்று நம்புகிறேன். விளம்பரம், விலைப்பட்டியல், உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: குறைந்தபட்ச வண்டிகள் எத்தனை; அது நிறைவேறியதா என்பதை எந்தத் தேதிக்குள் எழுத்தில் அறிவிப்பார்கள்; அவர்கள் ரத்து செய்தால் முழுத் தொகையும் எத்தனை நாளில் திரும்பும்; வழிகாட்டி வர இயலாமல் போனால் அதுவும் ரத்தாகக் கருதப்படுமா. கடைசி வரி பெரும்பாலும் இருக்காது. சேர்க்கச் சொல்லுங்கள், நல்ல நிறுவனம் சேர்த்துக் கொடுக்கும். உறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு டிக்கெட் வாங்கினால் சில நூறு ரிங்கிட் கூடலாம். கூடட்டும்.

6. விலையில் அடங்காதவற்றைக் கூட்டிப் பாருங்கள்

எங்களுடைய மொத்தச் செலவில் முகவருக்குக் கொடுத்தது பாதியை ஒட்டித்தான் வந்தது. மீதி எங்கே போனது என்பதை அறிந்தால்தான் இரண்டு விலைப்பட்டியல்களை ஒப்பிட முடியும். எளிதாகக் கணக்கிட 1 நியூசிலாந்து டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்று வைத்துக்கொண்டேன்.

நுழைவு அனுமதியைச் செயலியில் விண்ணப்பித்தால் 17 டாலர், இணையத்தளத்தில் 23 டாலர். அதனுடன் சுற்றுப்பயணிகள் வரி 100 டாலர். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும். ஐந்து பேருக்கு 585 டாலர், அதாவது ஏறத்தாழ 1,460 ரிங்கிட். எந்த முகவரும் இதைத் தலைப்பு விலையில் காட்டுவதில்லை.

அடுத்து டீசல். நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் தனியாகக் கட்ட வேண்டும். வாடகை நிறுவனம் அதை வண்டியைத் திருப்பித் தரும்போது உங்களிடம் வசூலிக்கும். பம்பில் டீசல் விலை மலிவாகத் தெரிவதைக் கண்டு கணக்குப் போட்டவர்கள் கடைசி நாளில் திகைத்துப் போவது இதனால்தான். மூன்றாவதாக, இரவுத் தங்குமிடம். மின் இணைப்புள்ள இடத்துக்கு இரண்டு பெரியவர்களுக்கு 60 டாலரை ஒட்டிக் கொடுத்தோம். அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம். மிகக் குறைந்த விலைத் திட்டங்கள் இலவச இடங்களில் இரவு தங்குவதை நம்பியிருக்கும். அதற்கு வண்டியில் நிலையான கழிப்பறை பொருத்தப்பட்டு, பச்சை நிறச் சான்று ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியிருந்தாலும் எல்லா இடத்திலும் தங்க முடியாது. எந்த இரவு எங்கே என்று பெயருடன் பட்டியல் கேளுங்கள்.

இவற்றுக்கு அப்பால் இரண்டாம் ஓட்டுநர் கட்டணம், பிள்ளை இருக்கை, ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் அதற்கான கட்டணம், கார்டில் செலுத்தினால் கூடும் விழுக்காடு, படகுச் சவாரி போன்றவை உண்டு. இரு தீவுகளையும் சேர்த்துப் பார்க்கும் திட்டமானால் வெலிங்டனுக்கும் பிக்டனுக்கும் இடையே மூன்றரை மணி நேரக் கப்பல் பயணம் வரும். வண்டியின் நீளத்தைப் பொறுத்து அதற்குக் கட்டணம். 12 நாளுக்குள் இரண்டு தீவும் வேண்டாம்.

7. வண்டியைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

"ஆறு பேர் படுக்கலாம்" என்றால் ஆறு பெரியவர்கள் வசதியாக இருக்கலாம் என்று பொருளில்லை. சாப்பாட்டு மேசையை ஒவ்வோர் இரவும் இறக்கிப் பலகை போட்டுத்தான் ஒரு படுக்கை வரும்; இன்னொன்று ஓட்டுநர் தலைக்கு மேலே, ஏணி வைத்து ஏற வேண்டும். மூட்டு வலியுள்ளவர்களுக்கு அது ஆகாது. நாங்கள் ஐந்து பேர் ஆறு படுக்கை வண்டி எடுத்தோம். அந்த ஆறாவது இடத்தில் பெட்டிகள் இருந்தன. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட தனி இருக்கை அங்கே சட்டப்படி கட்டாயம். அதை மாட்டக்கூடிய இடம் எல்லா இருக்கையிலும் இருக்காது என்பதால் பிள்ளைகளின் வயதை எழுதிக் கேளுங்கள். வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் இருக்கக்கூடாது.

கழிப்பறைத் தொட்டியை வெளிப்புறக் கதவைத் திறந்து, பெட்டியாக இழுத்து, அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வீட்டில் யாராவது செய்தாக வேண்டிய வேலை இது. புறப்படும் முன்பே யார் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

8. லைசன்ஸ், கடப்பிதழ், மற்ற ஆவணங்கள்

உங்களுடையது தானியங்கி வண்டிக்கு மட்டுமான டிஏ வகை மலேசிய லைசன்ஸ் என்றால் கியர் மாற்றும் வண்டியை ஓட்ட உங்களுக்கு உரிமை இல்லை. மோட்டார்ஹோம்களில் கியர் வண்டிகளும் உண்டு. "தானியங்கி" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கார் ஓட்டுவதற்கான நம் டி வகை லைசன்ஸில் சுமையற்ற எடை 3,500 கிலோகிராம் என்ற வரம்பு இருப்பதால், தரப்போகும் வண்டியின் எடையைக் கேட்டு, அந்த லைசன்ஸ் போதும் என்று வாடகை நிறுவனத்திடமே எழுத்தில் உறுதி பெறுங்கள். வண்டியில் 'பி' எழுத்து ஒட்டும் புது ஓட்டுநர்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள்.

இங்கே லைசன்ஸ் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டதால் பலர் அட்டையை எடுப்பதே இல்லை. வெளிநாட்டில் வண்டி எடுக்க அட்டை வேண்டும். அத்துடன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு 150 ரிங்கிட். ஓட்டப் போகும் இருவருமே எடுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அணி காத்திருக்காது.

கடப்பிதழ் திரும்பும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி இருக்கட்டும். புதுப்பிக்க 200 ரிங்கிட். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட். கடப்பிதழைப் புதுப்பித்த பிறகே நுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், ஏனெனில் அனுமதி கடப்பிதழ் எண்ணோடு கட்டுண்டது. அதற்கு 72 மணி நேரம் வரை ஆகலாம். ஆனால் ஈராண்டு செல்லுபடியாவதால் ஒரு மாதம் முன்பே முடித்துவிடலாம். தேடுபொறியில் முதலில் வரும் தளம் அரசாங்கத் தளமாக இருக்காது. இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் இடைத்தளங்கள் பல உள்ளன. பயணத்துக்கு முந்தைய நாள் நிரப்பும் நியூசிலாந்துப் பயணி அறிவிப்புப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு யாராவது பணம் கேட்டால் அது தவறான தளம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மூன்று மாதத் தேவை வரை கொண்டு போகலாம். மருத்துவரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி, மருந்தை அதன் மூல உறையிலேயே வையுங்கள்.

9. காப்புறுதி இரண்டு, இரண்டும் வேறு

வண்டிக்கான காப்புறுதி ஒன்று, உங்கள் உடலுக்கும் பயணத்துக்குமான காப்புறுதி மற்றொன்று. வண்டியின் அடிப்படைக் காப்புறுதியை மட்டும் எடுத்தால் பெரிய வைப்புத்தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். எங்களிடம் கேட்டது 7,500 டாலர். ஏறத்தாழ 19,000 ரிங்கிட் வரம்பு காலியாக உள்ள கார்டு நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? டெபிட் கார்டை ஏற்கமாட்டார்கள். நாள் கட்டணம் கூடுதலாகச் செலுத்தி அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், வருந்தவில்லை. எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்: வண்டியின் கூரை, அடிப்பகுதி, தடை செய்யப்பட்ட மண் சாலைகள், தவறான எரிபொருள். எங்கள் அணியிலேயே ஒருவர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டீசல் குழாயைச் செருகப் போனார். இரண்டு மூடிகளும் ஒரே பக்கத்தில் கையகலத் தூரத்தில் இருந்தன. வழிகாட்டி ஓடி வந்து தடுத்தார்.

நியூசிலாந்தில் விபத்தில் காயம்பட்டால் சுற்றுப்பயணிக்கும் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அந்நாட்டு விபத்து இழப்பீட்டுத் திட்டம் ஏற்கும். நெஞ்சுவலி, காய்ச்சல் போன்ற நோய்களுக்கு ஏற்காது; ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்காது. ஆகவே பயணக் காப்புறுதி வாங்கும்போது மூன்று கேள்விகள்: மோட்டார்ஹோம் ஓட்டுவது அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்கள் அடங்குமா, வயது வரம்பு என்ன? முன்பணம் கட்டிய அதே வாரத்தில் வாங்குங்கள், அப்போதுதான் இடையில் உடல்நலக் குறைவால் பயணம் நின்றாலும் கோர முடியும்.

10. சமையல் பொருள்கள்

நியூசிலாந்தில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டு சென்று பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். அறிவித்தால் அபராதம் இல்லை. அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலை, பச்சைக் காய், தேன் எதுவும் வேண்டாம். வீட்டில் அரைத்த மிளகாய்த் தூளைவிடக் கடையில் வாங்கிய, பிரிக்காத உறையில் பெயர் அச்சிட்ட பொடிகளைக் கொண்டு போங்கள், அதையும் அறிவியுங்கள். அரிசி, பருப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

அணியில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் சேர்ந்து உண்ணும் நாள்களின் உணவுப் பட்டியலை முன்பே கேளுங்கள். "சாலட் உண்டு" என்பது பதிலாகாது. வண்டிக்குள் கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். டெக்காப்போவில் முதல் காலை, ஏரி மேல் பனிப்புகை நின்ற வேளையில், என் மாமியார் சட்டியை அடுப்பில் வைத்த மறு நிமிடம் ஐந்து வண்டிக்காரர்களும் கதவைத் திறந்துவிட்டார்கள். தங்குமிடங்களில் பொதுச் சமையலறை உண்டு. தாளிப்பை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

11. வண்டியை எடுக்கும் நாள், ஒப்படைக்கும் நாள்

இரவு விமானத்தில் போய் இறங்கிய அன்றே வண்டியை எடுக்க வைக்கும் திட்டத்தை ஏற்காதீர்கள். கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்துக்குப் பத்தரை மணி நேரம், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு இன்னொரு விமானம், நேர வேறுபாடு நான்கு அல்லது ஐந்து மணி நேரம். தூக்கமில்லாமல் அந்த வண்டியை ஓட்டக்கூடாது. ஓரிரவு விடுதியில் தங்கி மறுநாள் காலை எடுப்பதற்கு ஆகும் செலவை முகவர் ஏற்காவிட்டால் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூரை உட்பட நான்கு பக்கமும், டயர்களையும், உள்ளே ஒவ்வோர் அலமாரிக் கதவையும் காணொளி எடுத்து, அன்றே வாடகை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். எங்களுடையது மூன்று மீட்டருக்கு மேல், பேரங்காடிக் கார் நிறுத்துமிடங்களுக்குள் நுழையவே முடியாது. எரிவாயு, தண்ணீர், கழிவுநீர், மின் இணைப்பு நான்கையும் நிறுவன ஊழியர் செய்து காட்டிய பிறகு, நீங்கள் ஒருமுறை அவர் முன்னால் செய்து பாருங்கள்.

ஒப்படைக்கும் நாளில் விமானம் மாலைக்குப் பிறகு இருக்கட்டும். கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, டீசல் நிரப்பி, அந்த ரசீதை வைத்துக்கொண்டு, ஊழியர் வண்டியைப் பார்த்து "சேதமில்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்பார்கள், வேண்டாம். பிடித்து வைத்த வைப்புத்தொகை எங்கள் கார்டில் விடுபட இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்தத் தாளையும் ரசீதுகளையும் கடப்பிதழ் உறையிலேயே வைத்திருந்தேன்.